சித்திரை விஷு கழிந்த பிறகும் மகளின் செடிகள் கருகியது ஏன்? குளிர்நாட்டில் நடவுக்கு நாள் பார்ப்பது பற்றி

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடபகுதியில் லீட்ஸ் நகரத்தில் செவிலியராக வேலை பார்க்கும் உங்கள் மகளுக்கு வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், புடலை, பயற்றங்காய் விதைகளை அனுப்பி, சித்திரை விஷு கழிந்து நட்டால் பழுதில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அவரும் ஏப்ரல் கடைசியில், நான்கு நாள் நல்ல வெயில் அடித்ததைப் பார்த்து, வீட்டுக்குள் முளைக்கவைத்த நாற்றுகளை வெளியே நட்டு, வெண்டையையும் பயற்றையும் நேரே மண்ணில் ஊன்றியிருக்கிறார். ஒரு வாரத்துக்குள் ஒரே இரவில் தக்காளியும் கத்தரியும் கருகின, ஊன்றிய விதைகள் முளைக்கவில்லை, பிழைத்த மிளகாய் ஆடி வரை வளரவே இல்லை. அந்த இரவு கைப்பேசிச் செயலி 4 டிகிரி என்றுதான் காட்டியது, தண்ணீர் உறைவது பூஜ்யத்தில் அல்லவா, அப்படியிருக்க எப்படிக் கருகியது, இந்த ஆண்டு எந்தத் தேதியில் நடலாம் என்று கேட்கிறீர்கள். நீங்கள் தேதி கேட்டிருந்தாலும், குளிர் தாங்காத ஒரு செடிக்கு அந்த ஊர் மண்ணும் இரவும் பக்குவப்பட்டுவிட்டதை எப்படி அறிவது என்பதே உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் தக்கலைக்காரன். தோட்டக்கலைத் துறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான காலம் நீலகிரியில் கழிந்தது. உறைபனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கண்ணால் கண்டது. லீட்ஸ் மண்ணில் நான் ஒரு செடியும் நட்டதில்லை. செடியின் உடம்பும் குளிர்காற்றின் போக்கும் எந்த நாட்டிலும் ஒன்றுதான் என்பதால் அவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் மகளின் தெருவில், அவர் வீட்டுப் பின்புறத்தில் குளிர் எந்த மூலையில் தேங்கும் என்பதை அங்கே பத்து வருடம் தோட்டம் போட்ட பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். அந்த இடத்தில் என் சொல்லைவிட அவர் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷுக் கணக்கு தவறான கணக்கு இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டம் ஏறத்தாழ 8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், விஷுவை ஒட்டியே, நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. லீட்ஸ் கிட்டத்தட்ட 54 டிகிரியில் இருப்பதால் அதே நாள் அதே நண்பகலில் சூரியன் அங்கே அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில்தான் நிற்கும். பகல் நம்முடையதைவிட நீளமாக இருக்கும், வெளிச்சமும் நிறைய இருக்கும், ஆனால் குளிர்காலம் முழுதும் ஆறிக் கிடந்த மண் அதற்குள் சூடேறியிருக்காது. காற்று நான்கு நாளில் சூடாகிவிடும்; மண்ணுக்கு வாரங்கள் வேண்டும். அதோடு, நம்முடைய விதைப்புப் பட்டங்கள் எல்லாமே தண்ணீர்க் கணக்கு. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு நெல் போகங்களும், இடவப்பாதி என்று நாம் சொல்லும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும், ஆடிப்பட்டமும் எல்லாம் மழை எப்போது வரும் என்று சொல்பவை. மார்கழி இரவிலும் நாகர்கோவிலில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும் என்பதால், செடிக்குக் குளிருமா என்று கேட்க நம் முன்னோர்களுக்குத் தேவையே வரவில்லை. விஷுவுக்குச் சால் போட்டு உழவு தொடங்குவது நம் ஊரின் சரியான அறிவு. அது 8 டிகிரி அட்சத்துக்கு உரியது.

இனி அந்த 4 டிகிரிக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. செயலி சொல்வது அந்த உயரத்துக் காற்றின் வெப்பம். உங்கள் மகளின் நாற்றோ தரையிலிருந்து ஒரு சாண் உயரம். மேகமில்லாத, காற்றசையாத இரவில் மண்ணும் புல்லும் இலையும் தங்கள் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடுகின்றன. அவற்றைத் தொட்டுக் கிடக்கும் காற்று மேலே உள்ள காற்றைவிட முன்னதாகக் குளிர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட இரவில் பெட்டிக்குள் 4 டிகிரி என்றால் புல்லின் மேல் பூஜ்யமோ அதற்குக் கீழோ இருப்பது சாதாரணம். மேகம் போர்த்திய இரவில் அதே 4 டிகிரி புல்லின் மேலும் ஏறக்குறைய 4 டிகிரியாகவே இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. சாயங்காலம் வெளியே வந்து வானம் துலக்கமாக இருக்கிறதா, காற்று விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். முன்னறிவிப்பு 5 டிகிரிக்குக் கீழே சொல்லி, வானமும் தெளிந்து, மரத்தின் இலை அசையாமல் நின்றால், அன்று இரவு செடியை மூடத்தான் வேண்டும்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இதை நான் கற்றது ஒரு நட்டத்தின் மூலம். நீலகிரிக்குப் போன முதல் வருடம், உதகைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் பிப்ரவரி முதல் வாரத்தில் பீன்ஸ் போட்டோம். அங்கே நவம்பரில் தொடங்கும் உறைபனி பிப்ரவரி முடியும் வரை இருக்கும் என்று உள்ளூர்த் தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்காமல், பகல் வெயிலை நம்பி அவசரப்பட்டவன் நான்தான். முளைத்து இரண்டு இலை விட்ட பிறகு ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தபோது புல்தரை உப்புக் கொட்டியதுபோல வெளுத்திருந்தது. கீழ் அடுக்குகளில் இருந்த பீன்ஸ் இலைகள் வெந்நீரில் முக்கி எடுத்த கீரையைப் போலக் கரும்பச்சையாக, ஒளி ஊடுருவும்படி நனைந்து தொங்கின. வெயில் ஏறியதும் துவண்டன, மதியத்துக்குள் கறுத்துவிட்டன. ஆனால் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு மேலே இருந்த அடுக்குகளில் ஒரு இலைக்கும் சேதமில்லை. ஒரே விதை, ஒரே நாள், ஒரே கைகள்தான் ஊன்றின. குளிர்காற்று மேலிருந்து வழிந்து கீழே குளமாக நின்றதுதான் வேறுபாடு. உதகையில் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் பனி அதிகம் விழுவதும் இதனால்தான். உங்கள் மகளின் வீடு சரிவின் அடியிலா, மேட்டிலா, தோட்டத்தின் கீழ்க்கோடியில் காற்று வெளியேற முடியாதபடி மதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி மதில் இருந்தால் அதன் உட்பக்க மூலைதான் மிகக் குளிர்ந்த இடம். தெற்கே பார்த்த செங்கல் சுவரின் அடி மிகச் சூடான இடம்; அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கில்தான் நிற்பதால் அந்தச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும்.

தக்காளியும் கத்தரியும் உறைபனியில் போயின. மிளகாய்க்கும் விதைகளுக்கும் நேர்ந்தது வேறு. உறைபனியில் இலைக்குள் பனிக்கட்டி உருவாகி, உயிரணுவிலிருந்து தண்ணீரை இழுத்து அதன் சவ்வைக் கிழித்துவிடுகிறது. ஆனால் பூஜ்யத்துக்கு மேலே, சுமார் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் குளிரும் வெப்பநாட்டுச் செடிகளுக்குக் கேடுதான். பனிக்கட்டி இல்லாமலேயே சவ்வுகள் விறைத்து, வேர் தண்ணீரையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) எடுக்க முடியாமல் போகிறது. தக்காளி நாற்றின் இலையடி ஊதா நிறமானால் அது பெரும்பாலும் இந்தக் குளிர்ப்பட்டினியின் அடையாளம். இப்படி ஒருமுறை அடிபட்டு நின்ற செடி எழுந்திருக்க வாரக்கணக்காகும். மூன்று வாரம் பிந்திச் சூடான மண்ணில் நட்ட நாற்று அதைத் தாண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் மகளின் மிளகாய் ஆடி வரை நின்றுவிட்டதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

விதையின் கதை இன்னும் நேரடியானது. தக்காளி விதை 25 டிகிரி மண்ணில் ஏறக்குறைய 6 நாளில் முளைக்கும். 10 டிகிரியில் 40 நாளுக்கு மேல் எடுக்கும். வெண்டைக்கு 35 டிகிரியில் 6 நாள் போதும்; 15 டிகிரியில் நான்கு வாரம் பிடிக்கும், அதற்குக் கீழே முளைப்பே நம்பத்தக்கதாக இல்லை. மிளகாய், கத்தரி, வெள்ளரி, பீன்ஸ் எல்லாவற்றுக்கும் 16 டிகிரியையே கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். நான்கு வாரம் ஈரமான குளிர்மண்ணில் கிடக்கும் விதையைப் பூஞ்சை விட்டுவைக்காது. பயறு, பீன்ஸ் இனத்துக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு: காய்ந்த விதை முதன்முதலில் உறிஞ்சும் தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால், அந்தச் சில மணி நேரத்திலேயே உள்ளிருக்கும் முளை காயப்படுகிறது. பிறகு மண் சூடானாலும் பயனில்லை. எனவே உங்கள் மகள் வாங்க வேண்டிய முதல் பொருள் உரமோ மருந்தோ இல்லை, மண்ணுக்குள் செருகும் ஒரு வெப்பமானி. அதை நான்கு விரல் ஆழத்துக்குச் செருகி, காலை 8 மணியளவில், வெயில் மண்ணைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். பிற்பகலில் பார்த்தால் அது வேறு கதை சொல்லும். ஒரு வாரம் தொடர்ந்து காலைக் கணக்கு தக்காளிக்கு 13 டிகிரிக்கு மேலும் மற்றவற்றுக்கு 16 டிகிரிக்கு மேலும் நின்றால், மண் தயாராகிவிட்டது. இரவுக் காற்றும் 10 டிகிரிக்குக் கீழே இறங்காதிருந்தால் அதுதான் நடவு நாள்.

தேதி கேட்டீர்கள், அதையும் தட்டிக்கழிக்கவில்லை. கடைசி உறைபனி நாள் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேதி சொல்வார்கள். அது பெரும்பாலும் பல வருடங்களின் சராசரி. சராசரி என்றால் ஏறக்குறைய பாதி வருடங்களில் அந்தத் தேதிக்குப் பிறகும் பனி விழுந்திருக்கிறது என்று பொருள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1; ஆனால் 2023இல் அது ஜூன் 8ஆம் தேதி வந்தது, 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. ஜூன் 1 என்று காலண்டரில் இருக்கிறதே என்று நாம் யாரும் அன்று காலை குடையோடு நிற்பதில்லை, மேகத்தைப் பார்க்கிறோம். பனித் தேதியையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வட இங்கிலாந்தில் மே மாதம் முழுவதும் தரைப்பனிக்கு வாய்ப்பு உண்டு. தென்பகுதிக்காரர்கள் மே பிற்பகுதியில் நடுவதை வடக்கே இருப்பவர்கள் ஜூன் தொடக்கத்துக்குத் தள்ளிவைப்பது வழக்கம். உங்கள் நினைவுக்கு எளிதாக ஒன்று சொல்கிறேன்: நம் ஊரில் இடவப்பாதி மழை இறங்கும் நாட்கள்தான் அங்கே நாற்றை மண்ணில் இறக்கும் நாட்கள். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, தற்செயலான ஒற்றுமைதான். ஆனாலும் அம்மாவும் மகளும் தொலைபேசியில் பேசும்போது விஷுவுக்குப் பதில் இடவப்பாதியை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், செடிகள் குளிர் தாங்குவதைக் குறிக்கும் மண்டல வரிசையில் அந்த ஊர் 8ஆம் மண்டலம், அதனால் பயமில்லை என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அந்த மண்டல எண் குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை மட்டும் வைத்துப் போடப்படுவது. ஒரு ரோஜாவோ ஆப்பிளோ அங்கே குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைக்குமா என்பதற்கு அது பதில் சொல்லும். வசந்தத்தில் கடைசிப் பனி எப்போது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பாவில் மே 11 முதல் 15 வரை குளிர் ஒருமுறை திரும்பி வரும், அந்த நாட்களுக்குரிய புனிதர்களின் திருநாட்கள் கழியாமல் நடாதே என்ற பழமொழி வழக்கும் இருக்கிறது. அந்த ஐந்து நாளில்தான் குளிர் திரும்பும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1582இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது தேதிகளே 10 நாள் நகர்ந்துவிட்டன. ஆயினும் மே நடுப்பகுதி வரை பொறு என்ற அதன் உள்ளறிவு சரியானது. ஓக் மரத்தின் இளந்தளிர் இவ்வளவு அளவானால் மக்காச்சோளம் விதைக்கலாம் என்பது போன்ற குறிகளுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன், ஏனென்றால் மரம் அந்த வருடத்தின் வெப்பத்தை உண்மையிலேயே கூட்டிக் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் மரம் கடந்துபோன சூட்டைத்தான் சொல்லும், வரப்போகும் ஒரு இரவின் பனியைச் சொல்லாது. பௌர்ணமிக்குப் பனி கூடும் என்பதை நீலகிரியிலும் சொல்வார்கள். நிலவு துலக்கமாகத் தெரியும் இரவு மேகமில்லாத இரவு, பனியின் காரணம் அந்த வெறும் வானம்.

இப்போது மாசி. மிளகாயும் கத்தரியும் மெதுவாக வளர்பவை என்பதால் இப்போதே வீட்டுக்குள், சூடான இடத்தில் விதைக்கலாம். தக்காளியை மார்ச் கடைசியில் போட்டால் போதும்; அதற்கு முன் போட்டால் ஜன்னலோரத்தில் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வெளிறி வளர்ந்து நிற்கும். பூசணி, வெள்ளரி வகைகளை ஏப்ரல் கடைசிக்கு முன் தொடக்கூடாது. அவற்றின் வேர் அசைக்கப்படுவதை விரும்பாது என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு தொட்டியில் போட வேண்டும். மே 20 வாக்கில் நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்கத் தொடங்கலாம்: முதல் நாள் நிழலில் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, தண்ணீரைச் சற்றுக் குறைத்து, பத்தாம் நாள் இரவும் வெளியே. இதைச் செய்யாமல் ஜன்னலுக்குள் வளர்ந்த இளம் இலையை நேரே வெளியே வைத்தால், பனியே இல்லாவிட்டாலும் வெயிலும் காற்றும் இலையை வெளுக்க வைத்துவிடும். எல்லா நாற்றையும் ஒரே நாளில் நடவும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை ஒரு வாரம் வீட்டுக்குள் நிறுத்திவைத்திருந்தால், ஒரு கெட்ட இரவு வந்தாலும் அந்த வருடம் முழுதும் போய்விடாது.

நட்ட பிறகு சந்தேகமான இரவுகளில் மூடுவதைப் பற்றி ஒன்று. உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் இளஞ்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளை வெட்டிக் கவிழ்த்து வைப்பார்கள். அந்தக் கிளை செடிக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு கூரையாக நின்று சூடு வெளியேறுவதைத் தடுக்கிறது. உங்கள் மகளுக்கு அங்கே தோட்டக் கடையில் கிடைக்கும் மெல்லிய வெள்ளைத் துணியோ பழைய படுக்கை விரிப்போ போதும். அதைச் சூரியன் மறைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், இரவு 11 மணிக்குப் போட்டால் காப்பாற்ற வேண்டிய சூடு அதற்குள் போயிருக்கும். துணி நான்கு பக்கமும் தரையைத் தொட வேண்டும், ஏனென்றால் சூடு வருவது மண்ணிலிருந்து. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். குச்சி ஊன்றி உயர்த்திக் கட்ட வேண்டும். அன்று பகலிலேயே மண்ணை நனைத்துவைத்தால், காய்ந்த மண்ணைவிட ஈரமண் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். மெல்லிய துணி இரண்டு டிகிரி அளவுக்குத்தான் காக்கும். கடும் பனிக்கு அது போதாது.

எதை நடுவது என்பதிலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. லீட்ஸில் ஜூலை மாதத்துப் பகல் வெப்பமே சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அது நம் மார்கழி இரவின் அளவு. எந்த நாளில் நட்டாலும் வெண்டை, புடலை, பாகல், பயற்றங்காய் நான்கும் அங்கே திறந்த வெளியில் மனம்நிறையக் காய்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடிக் குடிலோ பிளாஸ்டிக் கூடாரமோ வேண்டும். நம் நாட்டு மொச்சையும் சதுரப்பயறும் இன்னொரு காரணத்தால் ஏமாற்றும்: பகல் நீளம் குறையாமல் அவை பூக்கா. அங்கே பகல் குறைந்து அவை பூவெடுக்கும் நேரத்தில் அடுத்த பனி வந்துவிடும். விஷுவன்று அவர் எதையாவது ஊன்றியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால், அதற்கும் வழி இருக்கிறது. பட்டாணி, முள்ளங்கி, கொத்தமல்லி, வெங்காயம் ஆகியவை 10 டிகிரிக்குக் கீழேயும் முளைப்பவை. லேசான பனியைத் தாங்குபவை. அங்கே விற்கும் ஸ்பினாச்சும் அப்படியே. ஆனால் பசலை என்ற பெயர் ஒற்றுமையை நம்பி நம் கொடிப்பசலையை அதோடு சேர்த்து விதைத்துவிட வேண்டாம், அது தக்காளியைவிடக் குளிருக்கு அஞ்சும்.

விதைகளை இங்கிருந்து அனுப்புவதை இந்த ஆண்டு நிறுத்திவிடுங்கள். தக்காளி, மிளகாய் போன்ற விதைகளைத் தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் அந்நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி கிடையாது. விதையோடு நோயும் பயணம் செய்யும் என்பதால் வந்த சட்டம் அது, நியாயமான சட்டம். அங்கேயே குறுகிய கோடையில் காய்க்கும் ரகங்கள் கிடைக்கின்றன, அவை அந்த மண்ணுக்கு நம் ரகங்களைவிடப் பொருத்தமானவை. மிளகாயை மட்டும் தரையில் நடாமல் தொட்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிளகாய் பல ஆண்டு வாழும் செடி. குளிர்தான் அங்கே அதை ஓராண்டுச் செடியாக்குகிறது. செப்டம்பர் கடைசியில் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து, கிளைகளை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, மண் முற்றும் காய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வெளிச்சமான ஜன்னலில் வைத்தால், மார்ச் மாதத்தில் பழைய தண்டிலேயே துளிர் வரும். விதையிலிருந்து வரும் செடிக்கு முன்பே அது பூவெடுத்துவிடும்.